திருப்பதி போனோம், வந்தோம். பார்த்தோமா?

(சித்தூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பயண அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டார். துருக்கிக்குப் போய் வந்தவன் என் பிள்ளை. அவன் துபாய்க்குத் திரும்பிவிட்டான். ஆகவே நான் வந்து நிற்கிறேன். நான் போய் வந்தது சந்திரகிரியும் குடிமல்லமும்தான்!

சென்ற வருஷம் பிள்ளை, மாட்டுப்பெண், பேரன் மூவரும் இஸ்தான்புல் பார்த்துவிட்டு நேராகச் சித்தூர் வந்தார்கள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. வாய் ஓயாமல் ஹாகியா சோஃபியா புராணம்தான். "537-ல சர்ச்சா கட்டினாங்க தாத்தா. 1453-ல மசூதி ஆச்சு. 1935-ல மியூசியம். 2020-ல மறுபடி மசூதி" என்று ஒப்பித்தான். பிறகு, "நம்ம ஊர்ப் பக்கம் ரொம்பப் பழசு எது தாத்தா?" என்று கேட்டான்.

"எல்லாமே புராதனம்டா" என்றேன்.

"புராதனம்னா எந்த வருஷம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஊரில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். திருமலைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. போவோம், க்யூவில் நிற்போம், சேவிப்போம், லட்டு வாங்குவோம், அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். வழியில் சந்திரகிரிக் கோட்டை மலையடிவாரத்தில் தெரியும். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

அன்றே தீர்மானித்தோம். இரண்டு நாள், ஒரு வாடகைக் கார், கட்டுச்சாதம்.

முதல் நாள் சந்திரகிரி. தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பிறகு ஒடுங்கிய விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் ஆண்ட தலைநகரம் அது. மூன்று நிலை ராஜ மகாலைக் கல், செங்கல், சுண்ணாம்புக் காரையாலேயே எழுப்பியிருக்கிறார்கள். கட்டடத்துக்கு மரமே உபயோகிக்கவில்லை. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றது இந்த அரசருக்குக் கீழ்ப்பட்ட நாயக்கரிடம்தான். சென்னையில் பிறந்து வளர்ந்த என் மாட்டுப்பெண், "எங்க ஊர்க் கதை இங்கேயா ஆரம்பிக்கிறது, அப்பா!" என்று ஆச்சரியப்பட்டாள்.

மாலை திருமலை. மகாத்வாரத்துக்குள் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனிகளை இத்தனை வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று பேரனுக்குக் காட்டுவதற்காக நானும் பார்த்தேன். கோயில் எதிரே இருந்த ஆயிரங்கால் மண்டபத்தை அவனுக்குக் காட்ட முடியவில்லை. 2003-ல் அதை அகற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை ரேணிகுண்டா தாண்டிக் குடிமல்லம். வயல் நடுவே சின்னக் கிராமம், பரசுராமேஸ்வரர் கோயில். கர்ப்பகிருஹம் தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சுமார் ஐந்தடி உயர லிங்கம்; அதன் முன்பக்கத்திலேயே ஒரு குள்ள யக்ஷனின் தோள்மேல் சிவபெருமான் நிற்கிறார். கையில் ஆடு, மழு. கோபிநாத ராவ் 1911-ல் இதை உலகறியச் செய்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டது என்பது பல அறிஞர்களின் முடிவு.

பேரனுக்குப் போன வைகாசியில்தான் உபநயனம் ஆயிற்று. உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, சுவாமிக்குப் பூணூல் இல்லையே!" என்றான். வாஸ்தவம். அவ்வளவு பழைய வடிவம் அது. அவனே விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "அப்போ ஹாகியா சோஃபியாவைவிட அறுநூறு வருஷம் முன்னாடி!" என்றான்.

சுவரெல்லாம் பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள். "படிங்கோ தாத்தா" என்றான். பார்த்தேன். அது தமிழ்தான், ஆனால் எனக்கு எழுத்துப் புரியவில்லை. அவனுக்கோ இன்றைய தமிழே படிக்கத் தெரியாது. தாத்தாவும் பேரனும் சுவருக்கு முன்னால் ஒரே மாதிரி நின்றோம். அந்த வெட்கத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வெகு நேரம் தேடியதில் ஒரு 'ப'வும் ஒரு 'ட'வும் அகப்பட்டன. சுவரைத் தொடாமல் காற்றிலேயே அவனை எழுதிப் பார்க்கச் சொன்னேன். அவன் கற்ற முதல் தமிழ் எழுத்துகள் அவைதான்.

கடைசியாகக் காளஹஸ்தி. ராஜகோபுரம் புத்தம் புதிதாக நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய பழைய கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. புதியதற்கு 2017-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. "பழசு எப்படி இருந்தது தாத்தா?" என்றான். எத்தனையோ தடவை அதன் கீழே நடந்திருக்கிறேன். ஆனால் அண்ணாந்து பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லை. ஐந்நூறு வருஷம் நின்றது, நாளைக்கும் நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

அன்பர்களே, வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே வருஷம் கேட்கப் பழகிய குழந்தைதான் இங்கேயும் கேட்டான். எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த முறை திருப்பதி வரும்போது ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். சந்திரகிரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைத் தவிர்த்து வாருங்கள். குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பேரன் இப்போது ஞாயிறுதோறும் போனில் என்னிடம் தமிழ் படிக்கிறான். 'ப', 'ட' இரண்டும் சேர்த்து அவன் எழுதிய முதல் வார்த்தை 'படம்'. நானும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு கல்வெட்டு எழுத்து பழகுகிறேன். அடுத்த லீவில் இருவரும் குடிமல்லம் போவதாகப் பேச்சு. பகவத் சங்கல்பம் இருந்தால் ஒரு வரியாவது படித்துவிட்டு வருவோம்.