புகையா, பனியா?



கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரியும். கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணைக்கு அருகே சென்றுவிட்டாலோ, மலை தெரிகிறது என்று சொல்வது பொருந்தாது. அது நம் எதிரே வந்து நின்றுவிடுகிறது. அந்த மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியைத் தொடங்கியவன் நான். பின்னர்த் தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மலையைப் பார்த்தபடியே பாடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே, விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் சமுதாயத்துக்கும் தத்துவத்தால் என்ன பயன் என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்தபோது, நூல்களைத் தேடுவதற்கு முன்னே மலைதான் என் நினைவுக்கு வந்தது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தை மாதக் காலை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் வெண்மையாக ஏதோ எழுந்தது. மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, எங்கள் ஊர்ப் பக்கம் புகை தெரிகிறது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். நான் சன்னல் வழியே ஒருமுறை பார்த்தேன். "தை மாதக் காலையில் மலையில் எழுவது பனிதான், உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் அன்று நடத்திய பாடம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உற்றுநோக்கல் எவ்வாறு விஞ்ஞானத்தின் முதற்படி ஆகிறது என்பது.

மாலையில் செய்தி வந்தது. அவன் வீட்டுச் சாமை வைக்கோற்போரும் அதையொட்டிய கொட்டிலும் எரிந்துவிட்டன. கொட்டிலில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் மாண்டன. காலையிலேயே ஓடியிருந்தால் அவன் எதைக் காப்பாற்றியிருப்பான் என்று சொல்ல முடியாது. மறுநாள் அவன் வழக்கம்போல வந்து தன் இடத்தில் அமர்ந்தான். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பல ஆண்டுகள் பாடமாயிற்று.

நான் எங்கே தவறினேன்? கண்ணில் குறையில்லை. தை மாதக் காலைகளில் மலையில் பனி படர்வது உண்மையே. நூறு முறை பார்த்திருக்கிறேன். நூறு முறை பனியாக இருந்தது நூற்றோராம் முறையும் பனியாகத்தான் இருக்கும் என்று கொண்டேன். அது ஒரு பிழை. அதனினும் பெரிய பிழை வேறொன்று உண்டு. அவனை அனுப்பிப் பார்த்து, அது பனியாகவே இருந்திருந்தால் இழப்பு ஒரு பாடவேளை. அனுப்பாமல் இருத்தி, அது புகையாக இருந்தால் இழப்பு ஒரு குடும்பத்தின் வாழ்வு. இவ்விரண்டையும் நான் எடைபோட்டுப் பார்க்கவே இல்லை.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். நமக்கு எவ்வாறு அறிவு உண்டாகிறது, எந்த அறிவை நம்பலாம் என்று ஆராயும் துறையை அவர்கள் அளவை என்றனர். கண்டு அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல். சான்றோர் சொல்லால் அறிவது உரை. மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதே இந்திய அளவை நூல்களில் காலங்காலமாக வழங்கும் எடுத்துக்காட்டு. மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம் உணர்த்தும் பகுதியைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறை பொறுமையோடு படித்துப் பாருங்கள். கடினமான பகுதிதான், நானே மூன்று முறை படித்த பிறகுதான் ஓரளவு விளங்கிற்று. அங்கே போலி ஏதுக்களை வகைப்படுத்தும்போது, எழுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் நீங்காதபோதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பை நிலைநாட்டுவதும் ஒரு குற்றமாகக் கூறப்படுகிறது. நான் செய்தது அதன் மறுதலை. ஐயம் தீராதபோதே பனி என்று கொண்டு, நெருப்பு இல்லை என்று நிலைநாட்டினேன். பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றிருந்தேன். ஆனால் சாத்தனார் எழுதி வைத்ததை அதுவரை படித்திருக்கவில்லை.

இனி ஆராய்ச்சிக் கூடத்துக்குள் செல்வோம். நம் திருச்சிராப்பள்ளி நாட்டில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே என்று பேரறிஞர் ராலே கூறியிருந்தார். உரையளவையின்படி அது போதுமானது. இராமனோ நிக்கல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே வைத்து, நீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நிறம் நீரிலேயே ஒளி சிதறுவதால் உண்டாவது என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தக் கதையைப் பள்ளிப் பாடநூல்களும் சொல்லும். பின்னர் நடந்ததை அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. கல்கத்தாவில் இராமனிடம் ஆராய்ந்த கே. ஆர். இராமநாதன் 1923-இல், திரவத்தில் சிதறிய ஒளியில் மிக மங்கலாக வேறொரு நிறத்தின் சாயல் இருப்பதைக் கண்டார். அது புதிய நிகழ்ச்சியா, திரவத்தில் கலந்திருந்த மாசு காட்டிய ஒளிர்வா? திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தார்கள், சாயல் போகவில்லை. 1925-இல் வத்திராயிருப்பு தந்த கே. எஸ். கிருஷ்ணனும் அதைக் கண்டார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாளில்தான் இராமன் விளைவு ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர்கள், புகையா பனியா என்றே கேட்டுக்கொண்டிருந்தனர். எத்தனை முறை தூய்மை செய்தால் போதும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. எது சான்று, எவ்வளவு சான்று போதும், மாற்று விளக்கங்களை எப்போது கைவிடலாம் என்பவை ஆராய்ச்சிக்கூடத்தில் எழும் கேள்விகள்தாம். ஆயினும் அவை தத்துவக் கேள்விகள். கிருஷ்ணன் இலக்கியத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்த ஈடுபாடுடையவர் என்பதை இங்கே நினைவுகூர்வது தவறாகாது.

அவர்கள் ஐந்து ஆண்டுகள் பொறுத்ததால் எவருடைய வீடும் எரியவில்லை. வேறு எவராவது முந்திக்கொள்ளக்கூடும் என்பதே அவர்களுக்கிருந்த இழப்பு. எல்லா ஆராய்ச்சியும் அத்தகையதன்று. 1953-இல் ரிச்சர்டு ரட்னர் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஒரு கட்டுரையில் இதை எடுத்துக்காட்டினார். எந்த விஞ்ஞானக் கருத்தும் முற்ற முடிய நிறுவப்படுவதில்லை. இவ்வளவு சான்று போதும் என்று எங்கேனும் ஓரிடத்தில் ஆராய்ச்சியாளர் துணிந்தாக வேண்டும். அந்த எல்லை, தவறினால் நேரும் கேட்டின் அளவைப் பொறுத்தது. ஒரு மருந்தில் உள்ள நச்சுப்பொருள் உயிரைக் கொல்லும் அளவில் இல்லை என்று சொல்வதற்கு மிக உறுதியான சான்று வேண்டும். இயந்திரத்தில் அடித்த இடைவார்க் கொக்கிகளில் பழுதில்லை என்று சொல்ல அவ்வளவு வேண்டியதில்லை. ஆகவே நன்மை தீமை பற்றிய மதிப்பீடு விஞ்ஞானத்துக்கு வெளியே நிற்பதன்று என்பது அவர் வாதம். ரிச்சர்டு ஜெஃப்ரி 1956-இல் இதை மறுத்தார். நிகழ்தகவு இவ்வளவு என்று சொல்வதோடு விஞ்ஞானியின் கடமை முடிகிறது, துணிவது பிறர் பொறுப்பு என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வாசலில் நின்று "குடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்பவனுக்கு நிகழ்தகவைச் சொல்லி அனுப்பிவிட முடியுமா?

குடிப்பது பற்றி நான் வீணே சொல்லவில்லை. 2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் இரசாயனம். நாவுக்கு அது சாராயத்தினின்று எளிதில் வேறுபட்டுத் தோன்றாது. உடலுக்குள் அது ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கிறது. இதற்குப் பல மணிநேரம் ஆகும். முதலில் தோன்றும் வயிற்றுவலியும் வாந்தியும் எத்தனையோ நோய்களுக்குப் பொதுவான குறிகள். புகையோ பனியோ என்று ஐயுற வைக்கும் குறிகள் என்றே சொல்லலாம். அந்த மணிநேரங்களில்தான் மாற்றுமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் பயன்தரும்.

முதற் சாவுகளின்போது, கள்ளச்சாராயமே காரணம் என்பது உறுதியாகவில்லை என்ற பொருள்பட அறிவிப்பு வந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தனர் என்றும் எழுதின. முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. சோதனை முடிவு வரும்வரை காரணத்தை உறுதி செய்யாதிருப்பது இரசாயனக்கூடத்தில் நல்ல பழக்கம். தெருவில், "ஐயம் இருக்கிறது, ஆகவே எவரும் தொடாதீர்கள்" என்று பறையறைவது அதனினும் நல்லது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. காரணத்தை நிறுவுவதற்கு வேண்டிய சான்று வேறு. எச்சரிப்பதற்கு வேண்டிய சான்று வேறு. இந்த வேறுபாட்டைக் கற்பிக்கும் பாடவேளை நம் பள்ளி அட்டவணையில் எங்கே இருக்கிறது? என் பள்ளி அட்டவணையிலும் இருந்ததில்லை. அட்டவணை போட்டவன் நானே.

அந்தத் துயரத்தையொட்டி வேறொரு போலி வாதமும் ஊரில் பரவிற்று. மலையில் சாராயம் காய்ச்சுவோர் உண்டு; ஆகவே மலைமக்கள் எல்லாரும் அத்தொழிலினர் என்றனர். சிலர் காய்ச்சியது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெத்தனால் மலையடுப்பில் காய்ச்சி எடுப்பதன்று, ஆலையில் ஆக்கப்படுவது. சாமையும் மரவள்ளியும் விளைவித்தும் கடுக்காய் பொறுக்கியும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறினால், பையில் என்ன என்று கேட்டவர்களை நானே பார்த்தேன். ஒருவனைக் கண்டு ஊரையே கருதிவிடும் இக்குற்றத்தை அளவை நூலார் எப்போதோ கண்டித்துவிட்டனர். அம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்து, சாலை, மருத்துவம், கல்வி முதலியவை பற்றி வினவியது. காரணத்தை எங்கே தேட வேண்டும் என்ற கேள்வியை அது சரியான இடத்துக்குக் கொண்டுசென்றதாகவே நான் கருதுகிறேன்.

மணிமேகலையைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். அவள் காஞ்சிக்குச் சென்றதும் முதலில் செய்தது அளவை கற்றதன்று. பசியால் வாடிய ஊருக்கு அமுதசுரபியால் உணவிட்டாள். பிறகே அறவண அடிகளிடம் ஏதுவும் எடுத்துக்காட்டும் கேட்க அமர்ந்தாள். காப்பியத்தில் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தப் பழைய மாணவனைச் சென்ற ஆண்டு வெள்ளிமலைச் சந்தையில் கண்டேன். ஐம்பதை நெருங்குகிறான். மரவள்ளி பயிரிடுகிறான், மகள் கல்லூரியில் இரசாயனம் படிக்கிறாள். பேச்சுக்கிடையே, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: "தொலைவிலிருந்து பார்த்தால் புகையையும் பனியையும் எப்படியப்பா பிரித்தறிவது?"

"வெயில் ஏற ஏறப் பனி கலைந்துவிடும், ஐயா. புகை அடியிலிருந்து மறுபடி மறுபடி வரும். கால்மணி நேரம் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றான்.

"கால்மணி நேரம் நின்று பார்ப்பாயா?"

"நிற்க மாட்டேன், ஐயா" என்று சிரித்தான். "ஓடிக்கொண்டேதான் பார்ப்பேன்."