மலக்குடலை எடுத்த பிறகு குடலை எப்படி இணைப்பது?

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றதும் மதுரைப் பக்கம் நோயாளிகள் முதலில் கேட்பது, "வயித்துல பை வைக்கணுமா டாக்டர்?" குடலைத் திரும்ப எப்படி இணைப்பீங்கன்னு பெரும்பாலும் கேட்பதில்லை.

மலக்குடல் ஒரு சேமிப்புத் தொட்டி மாதிரி. அதை எடுத்துவிட்டுப் பெருங்குடலை நேராக ஆசனவாயோடு இணைத்தால் மலம் தங்க இடமில்லை. அடிக்கடி, அவசரமாகப் போக வேண்டிவரும். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வருகிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

1986-ல் பிரான்சில் லசோர்த், பார்க் ஆகியோரின் குழுக்கள் ஒரு வழி சொன்னார்கள். குடல் நுனியை 'ஜே' எழுத்துபோல மடித்து, உள்ளேயே ஒரு தொட்டி செய்து இணைப்பது. முதல் ஒன்றரை வருஷம் இதில் தொந்தரவு குறைவு. போகப்போக வித்தியாசம் குறைந்துவிடும்.

இடுப்புக்கூடு குறுகலாக இருந்தால் அந்தத் தொட்டி இறங்காது. அப்போது குடலின் பக்கவாட்டை ஆசனவாயோடு இணைக்கலாம். பலன் ஏறக்குறைய அதேதான்.

எந்த முறையிலும் இணைப்பு கசியலாம். அதனால்தான் பலருக்கு வயிற்றில் தற்காலிகமாகப் பை வைக்கிறோம். இணைப்பு ஆறியதும் மூடிவிடலாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க: "எனக்கு எந்த இணைப்பு, ஏன்?"