வளர்ந்த பிள்ளையும் வீட்டாரின் கூச்சமும்



மனவளர்ச்சி குன்றியவர் என்று நாம் சொல்லிவந்தவர்களை இன்று அறிவுசார் மாற்றுத்திறனாளி என்கிறோம். சீன நாட்டுக் குடும்பங்களில் இவர்கள் பாடு என்ன என்று இன்று பார்ப்போம். கேட்டால் நம் ஊர்க் கதை போலவே இருக்கும்.

சீன வீடுகளிலும் பெற்றோர் பிள்ளைகளிடம் உடலுறவு பற்றிப் பேசுவது அபூர்வம். மகனுக்கு இருபத்தைந்து வயதானாலும், "அவனுக்கு என்னங்க தெரியும், குழந்தைதானே!" என்பார்கள். ஆனால் புத்தி மெதுவாகக் கற்றாலும், பெரும்பாலும் உடம்பு காலத்தில் வளர்ந்துவிடும். மாதவிலக்கு வரும், விந்து வெளிப்படும், ஆசையும் வரும். சொல்லித் தராவிட்டால் பிள்ளை பயப்படும். கெட்டவன் கைபட்டாலும் அதைச் சொல்லத் தெரியாது.

வேறு சில வீடுகளில் அவசரக் கல்யாணம். "நமக்குப் பிறகு யார் பார்ப்பா? வம்சம் தழைக்க வேண்டாமா?" என்ற கவலை நியாயம்தான். ஆனால் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டார்களா?

1995 ஜூனில் அங்கே நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், திருமணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்டது. பிள்ளை பெறத் தகாத கடும் பரம்பரை நோய் என்றால், நீண்டகாலக் கருத்தடையோ ஆபரேஷனோ செய்துகொண்டால்தான் மணம் என்றது. 2003-ல் பரிசோதனைக் கட்டாயம் நீங்கியது. 2008-ல் சீனா ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. தன் முழுச் சம்மதத்தோடு மணக்கவும், பிள்ளை பெறும் சக்தியைக் காத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. நம் நாடு 2007-லேயே அதை ஏற்றுவிட்டது.

சட்டம் மாறினாலும் வீடு மாற வேண்டுமே! சீன வீடானாலும் நம் வீடானாலும் செய்ய வேண்டியது இதுதான்:

1. உடல் உறுப்புகளின் பெயரைச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுங்கள். மாதவிலக்குத் துணி மாற்றுவதைப் பல தடவை செய்து காட்டுங்கள்.

2. தன் உறுப்பைத் தொட்டுக்கொண்டால் அடிக்காதீர்கள். "இது தனியா, கதவைச் சாத்திக்கிட்டு" என்று பழக்குங்கள்.

3. "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். யாராவது தொந்தரவு செய்ததாகச் சொன்னால் நம்புங்கள். மானம் போகுமென்று மூடி வைக்காதீர்கள்.

4. மணம் பேசினால் இரு வீட்டாரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். கருத்தடை முறையை அவர்களுக்குப் புரியும்படி நர்ஸைக் கொண்டு விளக்குங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் ஆபரேஷன் கூடாது.

சோறு போட்டு, துணி கொடுத்தால் மட்டும் போதாது. அவர்களுக்கும் மனசு உண்டு. இன்றிரவு கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள்.