இறங்கிய தளத்தின் மேல் இன்னொரு தளம் வேண்டாம்

(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வண்டி நிறுத்தும் தளம் ஒரு பக்கம் இறங்கிவிட்டதால், அதன் மேலேயே இரண்டு அங்குலம் காங்கிரீட் போடலாம் என்கிறார்கள். அதற்கு ஒரு கணக்குச் சொல்லத்தான் எழுந்தேன்.

பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இரண்டு அங்குலம் என்றால் ஏறக்குறைய 17 கன அடி. காங்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. ஆக 1,100 கிலோவுக்கு மேல் வருகிறது. ஏற்கெனவே இறங்கும் மண்ணின் தலையில் இன்னும் ஒரு டன்! வாராக்கடனுக்கு மேல் கடன் கொடுத்த கதைதான்.

ஏன் இறங்கியது? வெள்ளிமலையில் சமதளம் ஏது? சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் மனை ஆக்குகிறோம். வெட்டிய பக்கம் கெட்டி. கொட்டிய பக்கமோ, ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டிருந்தால்தான் நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்கும் மண் அடங்கும், தளத்துக்கு அடியில் பொந்து விழும். ஜப்பானில் கடலில் மண் கொட்டித் தீவாக்கி 1994-இல் திறந்த கன்சாய் விமான நிலையமே இறங்குகிறது. கட்டடத் தூண்களை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் தகடு செருகிச் சமன் செய்கிறார்கள்.

சென்னையில் வீட்டையே ஜாக்கியில் தூக்குகிறார்களே என்று ஓர் அம்மா கேட்டார்கள். அங்கே சுவருக்கு அடியில் ஜாக்கி வைக்கலாம். நம் தளம் மண்மேல் படுத்துக் கிடக்கிறது. இதற்குத் துளை போட்டு, சிமெண்ட்டும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த குழம்பைப் பம்பு வைத்து உள்ளே செலுத்துவார்கள். முதலில் பொந்து நிரம்பும். பிறகும் அழுத்தினால் தளம் மெல்ல எழும். ஒரே துளையில் அழுத்தினால் தளம் உடைந்துவிடும். துளை மாற்றி மாற்றி, டியூப் லெவல் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். காங்கிரீட் சாலைகளிலும் தளத்துக்கு அடியிலுள்ள பொந்தை இப்படி நிரப்புகிறார்கள். சிமெண்ட்டுக்குப் பதில் நுரையாகப் பொங்கும் பாலியூரித்தேன் ரசாயனமும் உண்டு. எடை குறைவு, சீக்கிரம் இறுகும், செலவு அதிகம்.

ஆனால் மொட்டைமாடித் தண்ணீர் தளத்தின் ஓரத்திலேயே கொட்டும்வரை எதைச் செலுத்தினாலும் வீண். அந்தக் குழாயை வடிகால்வரை நீட்டுவதுதான் முதல் செலவு. அடுத்து, தளத்துக்கு அடியில் போகும் கழிவுக் குழாய்க்கு வரைபடம் வேண்டும். உடைந்த குழாய்க்குள் குழம்பு புகுந்தால் அடைத்துக்கொள்ளும். வடமேற்கு மூலையில் தளம் நாலைந்து துண்டாகிவிட்டது. அதைத் தூக்க முடியாது. உடைத்து, மண்ணை இறுக்கிப் புதிதாகத்தான் போட வேண்டும். தூணிலோ சுவரிலோ சாய்வான வெடிப்பு தெரிந்தால் அது தளத்தின் விஷயமே இல்லை. கட்டட இன்ஜினியர் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரும்புக் கம்பியோடு வருகிறேன். தட்டும்போது டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுவோம். அன்று மட்டும் வண்டிகளை வெளியே நிறுத்திக் கொடுங்கள்.