நண்பரைத் தூது விடுத்த கதை

'டிப்ளமஸி' என்ற சொல்லை 'இராஜதந்திரம்' என்று பெயர்ப்பது எம்மனோர் வழக்கம். அதில் ஒட்டியிருக்கும் 'தந்திரம்' என்ற பகுதி எனக்கு எப்போதுமே சற்று நெருடும். இன்று கூறவிருக்கும் செய்தியிலோ அந்த நெருடலுக்கு இடமுண்டு.

1936ஆம் ஆண்டில் பாலஸ்தீனம் பிரிட்டிஷார் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது. அங்கே யூதர்களுக்குத் தாயகம் காண முயன்ற யூத ஏஜென்ஸி, காந்தியடிகளின் ஆதரவை நாடியது. அடிகளோ கிலாபத் நாட்களிலிருந்தே அக்கோரிக்கைக்கு இசையாதவர். ஏஜென்ஸி அனுப்பிய ஓல்ஸ்வாங்கர் என்னும் அறிஞர் நேரில் வந்து பேசியும் பயன் விளையவில்லை. ஆனால் ஏஜென்ஸியின் அரசியல் பிரிவுத் தலைவர் மோஷே ஷெர்டோக் பெரிதும் நம்பியது வேறொருவரை. அவருக்கு அவ்வாண்டே கடிதமும் எழுதியிருந்தார். அவர்தாம் ஹெர்மன் காலன்பாக்.

ஜோஹானஸ்பர்க்கில் செல்வம் ஈட்டிய கட்டடக் கலைஞர். இன்றைய லிதுவேனியாவில் பிறந்த ஜெர்மன் யூதர். 1910இல் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்க இடமின்றித் தவித்தபோது, தமது 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையின்றி அளித்தவர் இவரே. அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். துறவிகளின் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்து, அதைக் காந்தியடிகளுக்கும் கற்பித்தார். 1913 போராட்டத்தில் சிறையும் புகுந்தார். மறு ஆண்டு இருவரும் இந்தியா வர எண்ணி லண்டன் சேர்ந்தபோது உலகப் போர் மூண்டுவிட்டது. ஜெர்மானியர் என்பதால் காலன்பாக்குக்கு இந்தியா வர அனுமதி கிடைக்கவில்லை. அடிகள் மட்டும் கப்பல் ஏறினார்.

22 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1937 மே மாதத்தில்தான் நண்பர்கள் மீண்டும் சந்தித்தனர். அத்தகைய சந்திப்பினூடே ஓர் அரசியல் வேண்டுகோளையும் சுமந்து வருவது எளிதாய் இருந்திருக்குமா? எனினும் காலன்பாக் எதையும் ஒளித்து வந்தவரல்லர். தம் இனத்தார் துயரம் அவருக்கு உண்மையான துயரமே. அடிகளும் பொறுமையோடு கேட்டார். பிரிட்டிஷ் துப்பாக்கியின் நிழலில் குடியேறுதல் கூடாது, அராபியரின் நல்லெண்ணத்தைப் பெற்றே குடியேற வேண்டும் என்பது அவர் முடிவு. இரு சாராரிடையே இணக்கம் காணத் தாம் உதவவும் முன்வந்தார். ஜூலையில் தம் கருத்தை எழுதியும் கொடுத்தார். ஏஜென்ஸியார் அதனை வெளியிடவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது அதுவன்று.

1938 நவம்பர் 26 'ஹரிஜன்' இதழில் அடிகள் வெளிப்படையாகவே எழுதினார். தென்னாப்பிரிக்க யூத நண்பர்கள் வாயிலாகவே அவ்வினத்தார் பட்ட கொடுமைகளை அறிந்ததாகவும், அந்த அனுதாபம் நீதியைத் தம் கண்ணிலிருந்து மறைக்கவில்லை என்றும் குறித்தார். ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்நிலையில் அவர்களுக்கு அவர் சத்தியாக்கிரகத்தை உபதேசித்தது என் சிற்றறிவுக்கு இன்றும் ஏற்கக் கடினமாகவே உள்ளது.

காலன்பாக்காலும் அதை முழுதும் ஏற்க இயலவில்லை. 1939இல் அவர் மீண்டும் சேவாகிராமம் வந்து தங்கினார். தம்முடன் வாழும் யூத நண்பர் அகிம்சையை அறிவால் ஏற்கிறார், ஆனால் ஹிட்லருக்காகப் பிரார்த்திக்கத் தம்மால் இயலாது என்கிறார், அதற்காக அவரோடு நான் சண்டையிடுவதில்லை என்று அடிகள் அவ்வாண்டு எழுதினார். காலன்பாக் 1945இல் தென்னாப்பிரிக்காவில் காலமானார். அவரது அஸ்தி பாலஸ்தீனத்தில், டெகானியா என்னும் யூதக் குடியிருப்பில் அடக்கம் செய்யப்பட்டது.