கையெழுத்தும் கணக்கும்

(ஜோலார்பேட்டையில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



"மறுபடியும் நில்லுங்கள், வெற்றியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள் என்னிடம், இந்த மேடையருகே அமர்ந்திருக்கும் தோழர்கள் சிலர். சட்டமன்றத்துக்கா? இல்லை. நகராட்சி மன்றத்துக்கா? அதுவும் இல்லை. என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு! 2024 ஆகஸ்டில் அமைந்த குழு அது. ஈராண்டு அதன் ஆயுள். ஆயுள் முடிகிறது, மறுதேர்தல் வாசலிலே நிற்கிறது.

இத்துணைச் சிறிய தேர்தலுக்கு இத்துணைப் பேச்சா என்று எண்ணாதீர். சிறிய தேர்தல்தான். கொடி இல்லை, சின்னம் இல்லை, சுவரொட்டி இல்லை. ஆனால், தோழர்களே, ஏழையின் கையிலே எழுதிக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இருக்கிறது அதிலே!

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது: குழுவிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். 24 பேர் கொண்ட குழுவிலே 18 பேர் பெற்றோர்! எதற்காக? பள்ளி நடக்கும் முறையைக் கண்காணிக்க. வந்த பணம் சென்ற வழியைப் பார்க்க. பள்ளி வளர்ச்சிக்குத் திட்டம் வகுக்க. பள்ளி வாசலிலே கைகட்டி நின்ற பெற்றோரை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, "கணக்கைப் பாரம்மா" என்கிறது சட்டம். சாமானியமா இது?

சிறிய மன்றத்திலே என்ன சாதிக்க முடியும் என்பார்க்கு ஒரு பழைய செய்தி. 1920-ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவர் நாற்காலியிலே, வெள்ளுடை வேந்தர் தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு. செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல்! இதுதான் தீர்மானம். வெள்ளையராட்சி பணம் தர மறுத்தது. 1925-இல் அது நின்றது. நின்றதே தவிரச் செத்ததா? இல்லை! 1956-இல் காமராசர் காலத்திலே மதிய உணவாய் மாநிலமெங்கும் முளைத்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்திலே சத்துணவாய் விரிந்தது; 2022-இல் காலை உணவாகவும் தழைத்தது. விதை விழுந்த இடம் எது? ஓர் உள்ளாட்சி மன்றம்!

கடல் கடந்தும் ஒரு சான்று காட்டுகிறேன். பெயரைக் கேட்டுத் திகைக்காதீர். அன்னி பெசண்ட்! ஆம், நீதிக்கட்சி நேர்நின்று எதிர்த்த அதே அம்மையார்தான். மாற்றார் தோட்டத்து மல்லிகையின் மணத்தை மறுக்காதே என்று அண்ணா நமக்குக் கற்பித்திருக்கிறாரே! 1888-இல் இலண்டனிலே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் பக்கம் நின்றார் அம்மையார். அதே ஆண்டிலே, உழைப்போர் வாழ்ந்த டவர் ஹாம்லெட்ஸ் பகுதியிலிருந்து இலண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பசித்த பிள்ளைக்கு உணவு வேண்டுமென்று வாதாடினார். நியாயமான கூலி தருவோருக்கே வாரியத்தின் ஒப்பந்தம் என்று போராடினார். 1891-இல் மறுதேர்தல் வந்தது. நின்றாரா? இல்லை. அவர் பாதை பிரம்மஞான சங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பாதை நமக்கு உடன்பாடன்று. ஆனால் மூன்றாண்டுக்குக் கணக்கு வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்தாரே, அது நமக்குப் பாடம்!

இனி என் கணக்குக்கு வருகிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம்; குற்றம் பள்ளியுடையது அன்று, என்னுடையது.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். அதனாலேயே கல்வியைப் பற்றி உருக்கமாகப் பேசுவேன், கைதட்டல் வாங்குவேன். குழு கூடுவது மாதத்திலே ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த மூன்று மணிக்கு நான் எங்கே? ஒரு வெள்ளியன்று வாணியம்பாடியிலே மேடை. மற்றொரு வெள்ளியன்று திருப்பத்தூரிலே நாடக ஒத்திகை. 'கல்வி நம் உரிமை' என்று ஊர் ஊராக முழங்கினேன்; என் சொந்தப் பள்ளியிலே என் நாற்காலி காலியாகக் கிடந்தது! ஈராண்டிலே நான் முழுமையாக அமர்ந்திருந்த கூட்டங்கள் ஏழு. மற்றவற்றுக்கு? மறுநாள் போய்க் கையெழுத்திட்டேன். வேடம் கட்டத் தெரிந்தவன் அல்லவா! உறுப்பினர் வேடம் கட்டினேன்.

ஒருமுறை பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதுபட்டது. "நகராட்சியிலே நான் சொல்லி முடிக்கிறேன்" என்றேன், கம்பீரமாக. குறிப்பேட்டிலே என் பெயரையும் எழுதினார்கள். மறந்தேன். ஒரு மாதமல்ல, மூன்று மாதம்! கழிப்பறைக்குப் போக அஞ்சி, பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடியாதிருந்தனர். என் மகளும் அவர்களிலே ஒருத்தி. எந்த ஊரிலே? 2019-இல் தலைநகரின் தாகம் தீர்க்க, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று காவிரி நீரை ஏற்றி அனுப்பிய இதே ஜோலார்பேட்டையிலே! சென்னைக்கு நீர் போனது. நம் பிள்ளைகளுக்கு இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

அந்த மோட்டாரை ஓட வைத்தவர் யார் தெரியுமா? குழுவிலே என்னோடு உறுப்பினரான ஒரு தாய். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியிலே தையல் வேலை. விடியற்காலை வண்டி ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் சம்பளம் போகும். போகட்டும் என்று வந்தார், மாதந்தோறும். மோட்டாருக்காக இன்னும் ஓர் அரைநாள் இழந்து நகராட்சிக்கு நடந்தார். வழியிலே என்னைக் கண்டபோது கோபிக்கவில்லை. "நீ பேசுவேன்னு நெனச்சுதாண்ணா நாங்க சும்மா இருந்துட்டோம்" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ மேடைகளிலே எதிர்க்கட்சியாரின் ஏச்சைக் கேட்டவன் நான். ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. இந்தச் சொல் சுட்டது!

இப்போது சொல்லுங்கள், தோழர்களே. மறுபடியும் நிற்க வேண்டியவர் யார்? நானா, அந்தத் தாயா?

"கட்சிக்காரர் உள்ளே இருந்தால் காரியம் நடக்கும்" என்பீர்கள். உள்ளே இருந்தேனே, நடந்ததா? "எதிர்முகாம் நுழைந்துவிடுமே" என்பீர்கள். நுழையட்டும்! அவர் பிள்ளையும் அங்கே படிக்குமானால் அவரும் பெற்றோர்தான். தண்ணீரில்லாத கழிப்பறைக்கு எந்தக் கட்சி என்று தெரியுமா? இந்தத் தேர்தலிலே வாக்காளர் பெற்றோர், கழகம் அன்று. அந்த வாசலுக்குள் நம் கரைவேட்டியின் மிடுக்கு நுழையக் கூடாது.

அதற்காக, மறுமுறை நிற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. உழைத்தவர் நிற்கட்டும், ஒரு முறையல்ல, பிள்ளை அந்தப் பள்ளியிலே படிக்கும் வரை நிற்கட்டும்! நிற்கும் முன்னே ஒரு தாள் எடுக்கட்டும். வந்த கூட்டம் எத்தனை, வராதது எத்தனை, ஒப்புக்கொண்ட வேலை எது, முடித்தது எது, முடியாதது எது என்று எழுதிப் பெற்றோர் முன்னே படிக்கட்டும். பிறகு கேட்கட்டும் வாக்கு. கையெழுத்து வருகைக்குச் சான்றாகலாம். கணக்குத்தான் உழைப்புக்குச் சான்று.

என் தாளை எழுதிவிட்டேன். பெற்றோர் கூட்டத்திலே படிப்பேன். நான் நிற்கப் போவதில்லை. அந்தத் தாய் மறுபடியும் நிற்க வேண்டுமென்று ஒரு தகப்பனாகக் கேட்டுக்கொள்வேன். முடிவு பெற்றோருடையது.

உங்களிடம் நான் வேண்டுவதும் ஒன்று உண்டு. தோல் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்திலே, வெள்ளி மூன்று மணிக் கூட்டம் உழைக்கும் தாய்க்கு எட்டாத கூட்டம். நேரத்தை மாற்றித் தருமாறு அதிகாரிகளிடம் மனுக் கொடுங்கள். கூட்ட நாளிலே சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் விடுமாறு தொழிற்சங்கத் தோழர்கள் முதலாளிகளிடம் பேசுங்கள். வாக்குத் திரட்டும் வலிமை நமக்கு உண்டு. அந்த வலிமையை இதற்குத் திருப்புங்கள். சட்டம் அந்தத் தாய்க்கு நாற்காலி தந்துவிட்டது. அதிலே வந்து அமர நேரம் தரவில்லை. அதைப் பெற்றுத் தருவது நம் வேலை!

வரும் கூட்டத்துக்கு நானும் போவேன், உறுப்பினனாக அல்ல. கழிப்பறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன்.