உலோகத்தில் முளைக்கும் மரம்

கோயிற் கோபுரத்தின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று முளைத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறவையின் எச்சத்தில் வந்த சிறு விதைதான் அது. இரண்டு இலை விட்டு நிற்கும்போது அதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஆண்டுகள் சில சென்றபின் அதன் வேர் கருங்கல்லையும் நெம்பிவிடுகின்றது. இன்று நான் பேச வந்திருப்பதும் அத்தகைய ஒரு மரத்தைப் பற்றியே. ஆனால் இது மண்ணில் முளைப்பதன்று. மின்கலத்திற்குள்ளே, உலோகத்தின்மீது, உலோகமாகவே முளைப்பது.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னைகள் வேரோடு விழுந்தன. பல சிற்றூர்களில் நாட்கணக்கில் விளக்கு எரியவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஈயச் சேமக்கலம் இருந்தது. அயலார் அனைவரும் தம் கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் காத்திருந்தனர். இரண்டாம் நாள் மாலை அதுவும் ஓய்ந்துவிட்டது. அப்பொழுது என் மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, இதைவிடச் சிறியதாய், இதைவிட நெடுநேரம் உழைக்கும் கலத்தைச் செய்ய முடியாதா?” முடியும் என்று விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகவே தெரியும். குறுக்கே நிற்பது நான் சொன்ன அந்த மரந்தான்.

அது எவ்வாறு என்று பார்ப்போம். இன்று நம் கைப்பேசியில் உள்ள லித்தியம் அயனிக் கலத்தில், மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டுக் கரைசலைக் கடந்து, மறுமுனையிலுள்ள கிராபைட்டின் அடுக்குகளுக்குள் சென்று தங்குகின்றன. ஒரு கிராம் கிராபைட்டு ஏறத்தாழ 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைத் தாங்கும். கிராபைட்டை நீக்கிவிட்டு லித்தியம் உலோகத்தையே முனையாக வைத்தாலோ, ஒரு கிராமுக்கு 3,860 கிடைக்கும். பத்து மடங்கு! அப்படியிருக்க, ஏன் அவ்வாறு செய்வதில்லை?

செய்து பார்த்தவர்கள் உண்டு. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் உலோகத்தைக் கொண்டு மீண்டும் மின்னேற்றக்கூடிய கலத்தை அமைத்தார். 1980களின் இறுதியில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அத்தகைய கலங்களை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஜப்பானில் அவற்றைக் கொண்ட தொலைபேசிகளில் தீவிபத்து நேர்ந்ததால், 1989இல் அவை திரும்பப் பெறப்பட்டன. இதற்கிடையே, 1985இல் அகிரா யோஷினோ உலோகத்துக்குப் பதிலாகக் கரிப்பொருளை வைத்துக் காட்டினார். அவ்வழியில் அமைந்த கலம் 1991இல் சந்தைக்கு வந்தது. ஜான் குட்இனஃபுடன் இவ்விருவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவே நம் சட்டைப்பையில் இருப்பது ஒரு சமரசம். பாதுகாப்புக்காக அந்த முனையின் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கை விட்டுக்கொடுத்துப் பெற்ற சமரசம்.

அந்த மரத்தை என் மாணவர்களுக்கு நான் கண்ணாரக் காட்டியதுண்டு. துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் இரு துத்தநாகத் தகடுகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினேன். குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தியபோது உலோகம் ஓரளவு சீராகப் படிந்தது. மின்னோட்டத்தை மிகுத்தபோது பாசிபோலக் கருமை படர்ந்தது. பிறகு கிளைகள் எழுந்தன. கிளையிலிருந்து கிளை பிரிந்தது. முடிவில் ஒரு கிளை எதிர்த்தகட்டைத் தொட்டது. அளவியின் முள் துள்ளியது. வகுப்பறை வாய்மூடி நின்றது.

காரணம் எளிதே. கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கின்றது. நீர் குறைந்தால் தலைமடை வயல் குடிக்கும், கடைமடை வாடும். தகட்டில் அயனிகள் வருவதைவிட வேகமாகச் செலவானால், அதன் அருகே பஞ்சம் ஏற்படுகின்றது. அப்போது சிறிதே மேடாக நிற்கும் ஒரு புள்ளி, கரைசலுக்குள் எட்டிப் பிடித்துத் தலைமடை ஆகிவிடுகின்றது. மின்புலமும் கூர்முனையிலேதான் செறியும். எனவே மேடு மேலும் மேடாகின்றது. லித்தியம் கலத்தில் இக்கிளை எதிர்முனையைத் தொட்டால் குறுக்குச் சுற்று உண்டாகி வெப்பம் பெருகும். அங்குள்ள கரைப்பானோ எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம். தொடாமல் நடுவில் ஒடிந்தாலும் இழப்பே. ஒடிந்த துண்டு மின்தொடர்பற்றுப் பயனற்றுப் போகின்றது.

இதைத் தடுக்கும் வழிகள் என்ன? முதலாவது, முனையின்மீது நல்ல தோல் ஒன்றை வளர்ப்பது. லித்தியம் கரைசலைத் தொட்டவுடனே அதன்மேல் ஒரு மெல்லிய படலம் தானாகவே உண்டாகின்றது. அது விரிசல் விட்டால், அந்த விரிசலிலேதான் கிளை முளைக்கும். ஃபுளோரின் சேர்ந்த பொருள்களைக் கரைசலில் சிறிதளவு கலந்தால் படலம் உறுதிப்படுகின்றது. இரண்டாவது, 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அழகிய உத்தி. சிறிதளவு சீசியம் அயனிகளைச் சேர்த்தால், அவை கூர்முனையைச் சூழ்ந்துகொள்ளும். தாம் படியாமல் நின்று, வரும் லித்தியம் அயனிகளை விலக்கிப் பள்ளத்தின் பக்கம் திருப்பும். கடைமடைக்கு நீர் பாயச் செய்யும் காவலாளி என்று இதைச் சொல்லலாம். மூன்றாவது, நுண்துளை மிகுந்த செம்புச் சட்டத்தின்மீது உலோகத்தைப் படியச் செய்வது. பரப்பு விரிவதால் ஓரிடத்து நெருக்கடி தணிகின்றது. நான்காவது, திரவத்தையே நீக்கிப் பீங்கான் போன்ற திடப்பொருளை வைப்பது. கடினமான சுவரைக் கிளை துளைக்காது என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் பீங்கானின் நுண்ணிய விரிசல்களிலும் மணிகளின் எல்லைகளிலும் மென்மையான லித்தியம் புகுந்துவிடுவதைக் கண்டார்கள். கோபுரத்து அரசமரத்தின் கதையேதான் இது.

இவ்வாராய்ச்சி எங்கோ தொலைநாட்டில் மட்டும் நடப்பதென்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டையிலிருந்து தெற்கே பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வறண்ட செம்மண் பூமியில் எழுந்த அந்நிலையம், சேமக்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்திவருகின்றது. நம் நாட்டில் லித்தியம் அரிது. துத்தநாகமோ இராஜஸ்தானத்து ஜாவர் முதலிய இடங்களில் கிடைக்கின்றது. நீர்க்கரைசலில் இயங்குவதால் துத்தநாகக் கலம் தீப்பற்றாது. அதிலும் மரம் முளைக்கின்றது என்பதுதான் குறை. அக்குறையை நீக்குவோர் ஏழைகளின் வீட்டிலும் விளக்கேற்றுவோர் ஆவர்.

மாணவச் செல்வர்களே! ஒரு சிறு எச்சரிக்கை. உப்பிய கைப்பேசிக் கலத்தை ஒருபோதும் குத்தியோ பிரித்தோ பார்க்காதீர்கள். பார்க்கும் ஆவல் எழுந்தால் ஆசிரியர் துணையோடு இரு துத்தநாகத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் முளைப்பதைப் பாருங்கள். பிறகு அதை முளைக்காமற் செய்ய முயலுங்கள். அன்று திண்ணையில் என் மாணவன் கேட்ட கேள்விக்கு முழு விடை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் கை உங்களுள் ஒருவருடையதாய் இருக்கக் கூடாதா?